மீதி இருபது ரூபாய்

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பேட்டை பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு பையன். இருபது வயது இருக்கும், மடியில் கல்லூரிப் பை. கண்டக்டர் வந்ததும் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினான். டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். கண்டக்டர் அந்தத் தாளைத் தொடவே இல்லை. "சில்லறை இல்லாம ஏறாதீயன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துதேன், ஒருத்தன் காதுலயாவது விழுதா?" பையன் போனைக் காட்டினான். கண்டக்டர் தன் மெஷினைக் காட்டினார், அது சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கோ என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். பையனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்று ஆனபிறகு கண்டக்டர் எரிந்து விழுவதற்கு ஆம்பிளைகள்தானே மிச்சம் என்று பின்னாலிருந்து ஒரு அம்மா சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். என் சட்டைப்பையில் அன்றைக்கு அதிசயமாகச் சில்லறை கிடந்தது. இருபத்துநாலு ரூபாயை எண்ணிக் கொடுத்து "ரெண்டு பேட்டை" என்றேன்.

அதற்கப்புறம் எனக்குள் நடந்ததைக் கூச்சப்படாமல் எழுதிவிடுகிறேன். அவ்வளவு சந்தோஷம். பன்னிரண்டு ரூபாய்க்கு அவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்றால் தினம் ஒரு நூறு ரூபாய்க்கு வாங்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜன்னல் காற்று கூடக் கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது. வீட்டில் போய் இதை எப்படித் தற்செயலாகச் சொல்வது, எந்தப் பேச்சின் நடுவில் சொருகுவது என்றுகூட யோசித்துவிட்டேன். பஸ் வண்ணாரப்பேட்டையைத் தாண்டியது. பையன் திரும்பி, "அண்ணாச்சி, ஜிபே நம்பர் சொல்லுங்க" என்றான். விடுப்பா, பன்னிரண்டு ரூபாய்தானே என்றேன். "இல்ல அண்ணாச்சி. யார்ட்டயும் பாக்கி வைக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லியிருக்காங்க." மூன்று தடவை மறுத்தேன், மூன்று தடவையும் அதையே சொன்னான். பக்கத்து சீட்டுக்காரர் வேறு, "குடுக்கான்லா, வாங்கிக்கிடுங்க வே" என்று பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார். நம்பரைச் சொன்னேன். சுலோசன முதலியார் பாலத்தின் மேல் பஸ் போகும்போது என் சட்டைப்பைக்குள் டிங் என்றது.

எரிச்சலாக வந்தது. கையில் பிடித்திருந்த ஒன்றை யாரோ வெடுக்கென்று பிடுங்கின மாதிரி. பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டான். இனி அவன் எனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டியதில்லை. என் காசு என்னிடம் வந்துவிட்டது. வர வேண்டியது வந்தால் மகிழ்கிறவன்தான் நான், முப்பது வருஷமாக அதுதான் என் பிழைப்பு. பிறகு என்ன எரிச்சல்? பாலத்துக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. இந்தப் பாலத்தை 1843-இல், கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த ஒரு மனிதர் தன் கைக்காசைப் போட்டுக் கட்டினார். அதற்கு முன் பாளைக்கும் நெல்லைக்கும் நடுவே ஆள்கள் படகுக்குக் காத்துக் கிடந்தார்கள். நூற்றெண்பது வருஷத்துக்கு மேலாகத் தினம் இதைக் கடக்கிற எங்களில் ஒருவரும் அவருக்குச் சல்லிக்காசு திருப்பித் தந்ததில்லை. அன்றைக்கு அந்தப் பாலத்தின் மேல் வைத்துத்தான் என் பன்னிரண்டு ரூபாய் எனக்குத் திரும்பி வந்தது.

டவுன் ஆர்ச் வருவதற்குள் இன்னொன்றும் உறைத்தது. யாரிடமும் பாக்கி வைக்காதே என்பது என் அப்பாவின் வாக்கியம். அந்தப் பையன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

கணக்குப்பிள்ளை வீடு

அப்பா ஒரு அரிசி ஆலையில் கணக்கெழுதினார். நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்கு அடுத்தபடியாக மரியாதை உள்ள பொருள் மொய் நோட்டு. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு எழுதினோம், நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள், யார் ஐந்து ரூபாய் கூட்டி எழுதினார்கள், யார் வரவில்லை, எல்லாம் அதில் இருக்கும். பேருக்கு முன்னால் ஊர், ஊருக்கு முன்னால் அப்பா மட்டுமே படிக்கக்கூடிய ஒரு சின்னக் குறி. கல்யாணப் பத்திரிகை வந்தால் அப்பா முதலில் நோட்டைப் புரட்டுவார், அப்புறம்தான் மாப்பிள்ளை பேரையே பார்ப்பார். இதைக் கேலி செய்ய நான் எழுதவில்லை. மொய் இல்லாவிட்டால் எங்கள் அத்தைமார் மூன்று பேருக்கும் கல்யாணம் நடந்திருக்காது. பாங்கு படியேற முடியாத ஜனம் தங்களுக்குள் சுற்றிவிட்ட முதல் அது. அதை நாணயமாக எழுதி வைத்து நாணயமாகத் திருப்பிச் செய்தவரை நான் மதிக்கிறேன்.

ஆனால் மொய் நோட்டு அப்பாவின் தலைக்குள்ளேயும் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் உளுந்தங்களி வந்தால், கருப்பட்டி வாசமும் நல்லெண்ணெய் வாசமும் மூக்கில் ஏறுவதற்குள் "என்ன திருப்பிக் கொடுக்கப் போற?" என்று அம்மாவைக் கேட்பார். சைக்கிளுக்குக் காற்றடிக்க எதிர்வீட்டுப் பம்பை வாங்கினால், அவர்கள் வீட்டு ரேஷன் மண்ணெண்ணெயை நான் வரிசையில் நின்று வாங்கிக் கொடுக்க வேண்டும், அதே வாரத்தில். அம்மா மட்டும் இதற்கு அடங்கவில்லை. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று அவளும் சொல்வாள், ஆனால் உடனேயும் தர மாட்டாள். கிண்ணம் எங்கள் வீட்டில் ஒரு வாரம், பத்து நாள் கிடக்கும். அப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் முனகுவார். அம்மா, "நம்மகிட்ட கிடக்கட்டும், அவ என்ன ஓடியா போயிருவா?" என்பாள். நான் அப்பா கட்சி. அம்மாவுக்கு ஒழுங்கு போதாது என்று நினைத்து வளர்ந்தேன்.

தேரிக்காட்டில் ஒரு மத்தியானம்

அந்த டிங் சத்தம் கேட்டதிலிருந்து எனக்கு நினைவில் வந்து உட்கார்ந்துகொண்டவர் ஒரு ஆச்சி. 2013, மார்ச் கடைசி. எங்கள் குலசாமி சாஸ்தா தேரிக்காட்டுப் பக்கம் இருக்கிறார். 1986-இல் மாவட்டத்தைப் பிரித்து அதைத் தூத்துக்குடிப் பக்கம் சேர்த்துவிட்டார்கள், எங்களுக்கு இன்னும் அதெல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். பங்குனி உத்திரத்தன்று கூட்டத்தில் நசுங்க வேண்டாம் என்று மறுநாள் போனோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஒரு மோட்டார் சைக்கிள். கோயிலில் ஈ காக்கை இல்லை. நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது பின் டயர் பஞ்சர். மத்தியானம் பன்னிரண்டரை. ரெண்டு பக்கமும் செக்கச் செவேலென்று மணல், அங்கங்கே கொல்லாமரம், உடைமரம், மீதியெல்லாம் பனை. வருஷக் கணக்கு முடிக்கிற வாரத்தில் ஆபீசில் ஒருநாள் லீவு கேட்டு வாங்கினதே பெரும்பாடு, தலை முழுக்க அடுத்தவர் கணக்கு. வண்டியைத் தள்ளிக்கொண்டே மனைவியிடம் எரிந்து விழுந்தேன். முந்தின நாளே போயிருக்கலாமாம், மறுநாள் போகலாம் என்று சொன்னது அவள்தானாம். அவள் அப்படிச் சொல்லவே இல்லை.

அரைக் கிலோமீட்டர் தள்ளியிருப்போம். ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே பனையோலையில் வேய்ந்த ஒரு விடிலி. பனையில் இறக்கின பதனியைக் காய்ச்சுகிற இடம். வெளியே புகை. உள்ளேயிருந்து குரல் வந்தது, "ஏ தாயி, பிள்ளையக் கூட்டிட்டு நிழலுக்கு வா. இந்த மண்ணு காலை வேக வச்சிரும்லா." அறுபது, அறுபத்தைந்து வயது இருக்கும். அடுப்பில் அகலமான சட்டியில் பதனி பாகாகிக்கொண்டிருக்க, நீளத் துடுப்பால் கிண்டிக்கொண்டே எங்களைப் பார்க்காமல் பேசினாள். பாகு பதம் வருகிற நேரத்தில் கையை எடுக்க முடியாது. ஓரமாகச் சிரட்டைகள் வரிசையாகக் காத்திருந்தன. பாகை அதில் ஊற்றி ஆறவிட்டுக் கவிழ்த்தால் கருப்பட்டி. என் மகள் அந்தச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆச்சி பனையைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். மேலேயிருந்து அவள் மகன் இறங்கினான், இடுப்பில் பாளை அரிவாள், கலயத்தில் சுண்ணாம்பு தடவிய வெள்ளை. அவன் கேட்டது ஒரே கேள்வி, "முன்னாடி வீலா, பின்னாடியா?" என் பதிலுக்குக்கூட நிற்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். கடை மூன்று கிலோமீட்டர் தள்ளியாம். அவனுக்கு இன்னும் ஏற வேண்டிய பனை எத்தனை பாக்கி இருந்ததோ தெரியாது.

ஒன்றேகால் மணி நேரம் அந்த விடிலியில் இருந்தோம். ஆச்சி ஒரு இளம் ஓலையைக் கிழித்து மடித்து, ஓலை நரம்பாலேயே ஒரு முடிச்சுப் போட்டாள். படகு மாதிரி ஒரு பட்டை ஆயிற்று. துணியில் வடிகட்டிப் பதனியை ஊற்றி, நுங்கு சீவிப் போட்டு மகளிடம் நீட்டினாள். ரெண்டு கையாலும் பிடிக்கத் தெரியாமல் பிள்ளை பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டாள். ஆச்சி சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது, பொக்கை வாயில் காற்று அடிக்கிற சிரிப்பு. "இன்னொரு பட்ட குடி பிள்ள, வயித்துக்கு ஒண்ணும் செய்யாது." பிறகு மனைவிக்கு, பிறகு எனக்கு. மனைவி அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்து துடுப்பை வாங்கிக் கிண்டினாள். ஆச்சி அவளுக்குப் பாகு பதம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பது. மகளை மண்ணில் உட்காரவைத்து ஓலையில் கிலுக்கு செய்து கொடுத்தாள். யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்த மாதிரி இருந்தது அவர்களுக்கு. நான்? நான் வாட்சைப் பார்த்துக்கொண்டும் பதனியைக் கணக்குப் போட்டுக்கொண்டும் இருந்தேன். பிள்ளை மூன்று பட்டை, அவள் ரெண்டு, நான் ரெண்டு. அந்தப் பையன் பனையேற்றத்தை விட்டுப் போன நேரம். பஞ்சர் ஒட்டின காசு.

வண்டி வந்தது. பஞ்சர் காசை அவனிடம் கொடுத்தேன், அது சரி, அவன் கையிலிருந்து போட்ட காசு. பிறகு ஆச்சியைப் பார்த்து, "எவ்வளவு ஆச்சு?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள், ஈ ஓட்டுகிற மாதிரி. நான் விடவில்லை. ரெண்டு நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன், வாங்கவில்லை. அந்த அடுப்படியில் கிழிசல் புடவையோடு உட்கார்ந்திருந்தவளுக்கு இருநூறு ரூபாய் பெரிய தொகை என்று நினைத்தேன். இன்னும் சொல்லப்போனால், உதவி செய்கிறவன் நான் என்றே நினைத்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பினபோது, கருப்பட்டி அடுக்கியிருந்த ஓலைப்பெட்டிக்கு அடியில் தாள்களைச் சொருகிவிட்டு, சாமர்த்தியமாக முடித்துவிட்ட திருப்தியில் வண்டியை உதைத்தேன்.

பார்த்துவிட்டாள். "நா என்ன கடையா போட்டிருக்கேன் தம்பி?"

கோபமில்லை. அது கோபமாக இருந்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு எப்போதோ மறந்திருப்பேன். கொஞ்ச நேரத்துக்கு முன் சிரித்துக்கொண்டிருந்த முகத்திலிருந்து அந்தச் சிரிப்பைத் துணியால் துடைத்து எடுத்த மாதிரி இருந்தது. தாள்களை எடுத்து மடியில் வைத்தாள். பெட்டியைத் திறந்து கருப்பட்டியை எடுத்து எண்ண ஆரம்பித்தாள். "லாபம். ரெண்டு. மூணு..." சந்தையில் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அதுவரைக்கும் அவள் வாயில் அந்தச் சொல் வரவில்லை. ஒன்று இருபது ரூபாய் விலை. ஒன்பது எடுத்தாள். பத்தாவதை எடுத்துப் பார்த்தாள், ஓரம் உடைந்திருந்தது, திரும்ப வைத்துவிட்டாள். விற்கிற சரக்கில் குறை இருக்கக் கூடாதில்லையா. ஒன்பதையும் ஓலைக் கொட்டானில் கட்டிக் கொடுத்துவிட்டு, சுருக்குப்பையை அவிழ்த்து மீதி இருபது ரூபாயை என் கையில் வைத்தாள். மகளிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். எங்களை வழியனுப்ப அவள் எழுந்து வரவில்லை. கடைக்காரர்கள் வருவதில்லை.

வண்டியில் மெயின் ரோடு வரும்வரை மனைவி பேசவில்லை. பிறகு, "அந்த ஆச்சி மூஞ்சியப் பாத்தியளா?" என்றாள். யாரிடமும் கடன்படக் கூடாது என்று நான் தொடங்கினேன். அவள் முடிக்கவிடவில்லை. "கடன் படலன்னா இப்ப என்ன பட்டிய?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. கருப்பட்டி நல்ல கருப்பட்டி. மூன்று மாதம் காப்பிக்கு வந்தது. தினம் காலையில் அந்தக் காப்பியைக் குடிக்கும்போது ஏதோ ஒன்று தொண்டையில் நிற்கும், அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. கருப்பட்டி தீர்ந்ததும் அதுவும் போய்விட்டது, போய்விட்டது என்று நினைத்தேன்.

வான்கூவரில் ஐந்து டாலர்

இதை மகளிடம் சொன்னேன். அவள் இப்போது கோயம்புத்தூரில் உளவியல் படிக்கிறாள். பதனியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டதும் ஓலைக் கிலுக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது, காசு விவகாரம் நினைவில்லை. ரெண்டு நாள் கழித்து ரெண்டு ஆராய்ச்சிகளின் சுருக்கத்தைத் தமிழில் தட்டி அனுப்பினாள். ஒன்று 2008-இல் வந்தது. கனடாவின் வான்கூவர் நகரத்தில் காலையில் ஆள்களிடம் ஒரு கவர் கொடுத்திருக்கிறார்கள், உள்ளே ஐந்து டாலர் அல்லது இருபது டாலர். பாதிப் பேர் சாயங்காலம் ஐந்து மணிக்குள் தங்களுக்காகச் செலவழிக்க வேண்டும், பாதிப் பேர் இன்னொருவருக்காக. சாயங்காலம் கேட்டால், இன்னொருவருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். ஐந்தா இருபதா என்பதில் வித்தியாசமே தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், வேறு சிலரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லி எது சந்தோஷம் தரும் என்று கேட்டபோது, தனக்குச் செலவழிப்பதும் இருபது டாலரும்தான் என்றார்களாம். இதைக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரன் வர வேண்டுமா என்று கேட்கிறவர்கள் நம் ஊரில் உண்டு. எனக்கு அந்தப் பெருமை கிடையாது. எனக்குத் தெரியாமல்தானே இருந்தது.

இரண்டாவதுதான் எனக்குக் குத்தியது. 2022-இல் வந்தது. உதவி கேட்கத் தயங்குகிறவர்களைப் பற்றியது. அதில் ஒரு சோதனை, ஒரு தாவரவியல் தோட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் "ஒரு போட்டோ எடுத்துத் தாருங்கள்" என்று கேட்பது. கேட்கப் போகிறவர்கள், அவருக்குத் தொந்தரவாக இருக்கும், கடமைக்குச் செய்வார் என்று நினைத்திருக்கிறார்கள். எடுத்துக் கொடுத்தவர்களைத் தனியாகக் கேட்டால், அவர்களுக்கு அது தொந்தரவாகவே படவில்லை, கேட்டவர்கள் நினைத்ததைவிட அவர்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. உதவி வாங்குகிறவனின் கணக்கில் எதிராளியின் சந்தோஷம் எப்போதும் குறைத்தே எழுதப்படுகிறது. ஆடிட்டர் ஆபீஸ் பாஷையில் சொன்னால், அந்தத் தலைப்பே எங்கள் பேரேட்டில் கிடையாது. விடிலியில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கில் பதனி இருந்தது, நேரம் இருந்தது, பஞ்சர் காசு இருந்தது. ஆச்சியின் சிரிப்பு செலவா வரவா என்று நான் பார்க்கவே இல்லை. அது அவளுடைய வரவு. அன்றைய மத்தியானத்தின் மொத்த லாபமும் அதுதான். இருநூறு ரூபாயைச் சொருகி நான் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பஸ்ஸில் எனக்கு ரெண்டு நிமிடம் கிடைத்தது, அப்புறம் டிங். அவளுக்கு ஒன்றேகால் மணி நேரம்.

திருப்பிக் கொடுப்பதில் தப்பில்லை, அந்த அவசரத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அவசரமாகத் திருப்பிக் கொடுப்பவன், உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை என்கிறான். நன்றிக்கடன் என்று நம் ஆள்கள் கடனைச் சேர்த்தே சொன்னார்கள், அதற்குத் தவணை மட்டும் வைக்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18 பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது, அதற்கு மேல் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணும் ஜல்லியும் அரித்துப் போய்விட்டன. பல நூறு பயணிகள் 19-ஆம் தேதிவரை மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள், தங்கள் ஊரைச் சுற்றியும் வெள்ளம் நிற்கையில், இருக்கிற அரிசியைப் போட்டுக் கோயிலில் வைத்துச் சமைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். எங்கள் ஆபீசுக்கு வருகிற பார்ட்டி ஒருவர் அந்த ரயிலில் இருந்தார். வியாபாரி, பைசா சுத்தம். அந்த வருஷக் கணக்கைக் கொண்டுவந்தபோது அதைப் பற்றிச் சொன்னார். "சோறு போட்டவங்ககிட்ட எவ்வளவுன்னு கேக்கவே தோணல பாத்துக்கிடுங்க. கேட்டாலும் டவர் கிடையாது, ஏடிஎம் கிடையாது. மெட்ராஸ் போய்ச் சேர்ந்தப்புறம் ஒரு அஞ்சாயிரம் அந்தக் கோயிலுக்கு அனுப்பலாம்னு நினைச்சேன். அனுப்பல." ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அனுப்பினா முடிஞ்சு போயிரும்லா அண்ணாச்சி." அப்போது அது எனக்குக் கஞ்சத்தனத்துக்குச் சொல்கிற நொண்டிச்சாக்காகத்தான் பட்டது. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு அவருடைய பேரேட்டை வாங்கி வைத்தேன்.

இந்தப் பங்குனியில்

இந்த வருஷம் சாஸ்தாவைக் கும்பிடப் போனபோது ஆச்சியைத் தேடினேன். ஒரு பெட்டி அல்வாவும் கையில் இருந்தது. வழியில் மனைவி, "திரும்பவும் ஏதும் குடுத்து வைக்காதீய" என்று எச்சரித்தாள். அல்வா கடனடைக்க இல்லை, பார்க்கப் போகிறவர் கையில் இருக்க வேண்டியது என்றேன். அப்படித்தான் என்று நானும் நம்ப முயன்றேன். ரோட்டோரம் ஒரு சுமைதாங்கிக் கல் சாய்ந்து நின்றது. பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண்ணின் நினைவாக வைக்கிற கல். ரெண்டு தூண், மேலே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு தனியாக நடக்கிறவருக்குச் சுமையை இறக்கவும் முடியாது, இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். இந்தக் கல் இருந்தால் தலைமட்டத்திலேயே நகர்த்தி வைத்துவிட்டு, கழுத்தைத் திருப்பி, தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம். யார் வைத்தது, யார் இளைப்பாறியது, ரெண்டு பேருக்குமே ஒருவரை ஒருவர் தெரியாது. இப்போது தலைச்சுமைக்காரர்களும் இல்லை. கல்லின் மேல் யாரோ ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

விடிலி இல்லை. இடம் எனக்கு நிச்சயமாகத் தெரியும், அந்த வளைவு, அந்த இரட்டைப் பனை. மணலில் அடுப்பு இருந்த இடம்கூடத் தெரியவில்லை, தேரி மணல் காற்றில் நகர்ந்துகொண்டே இருப்பது. பனைகளில் கலயம் கட்டியிருக்கவில்லை. மெயின் ரோட்டு டீக்கடையில் விசாரித்தேன். "ஏற ஆளில்ல சார். அந்தப் பையன் திருப்பூரு போயிட்டான்" என்றார் கடைக்காரர். ஆச்சி என்ன ஆனாள் என்று கேட்க வாயெடுத்தேன், மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள், கேட்கவில்லை. அல்வாவை டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொடுத்தோம். ஒருத்தர்கூட எதற்கு என்று கேட்கவில்லை, காசு தரவும் வரவில்லை. இது சர்வசாதாரணம் என்பதுபோல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அரசியல் பேசினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

போன வாரம் மாடி வீட்டுக்காரப் பெண் ஒரு தூக்குவாளியில் சொதி கொடுத்தனுப்பினாள். அவர்கள் குடிவந்து ரெண்டு மாதம்தான் ஆகிறது, மாப்பிள்ளைக்குப் பாளையில் வேலை. தேங்காய்ப்பால் திரியாமல் நல்ல பதத்தில் இருந்தது. இஞ்சிப் பச்சடியை மறக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் என் கை தானாகத் தூக்குவாளியைக் கழுவி, கடைக்குப் போய் ஏதாவது வாங்கிப் போட்டு மாடி ஏறத் துடித்தது. பழக்கம். கழுவினேன். துடைத்தேன். அடுக்களைத் தட்டில் கவிழ்த்து வைத்தேன். இன்றைக்கு எட்டாவது நாள். நேற்று படியில் அந்தப் பெண் எதிர்ப்பட்டாள், "சொதி நல்லாருந்துச்சா மாமா?" என்று கேட்டாள். நல்லாருந்துச்சு என்றேன், இஞ்சிப் பச்சடியைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்று, அவள் அம்மா ஊர் ஆழ்வார்குறிச்சி என்றும் அங்கே எப்படிச் செய்வார்கள் என்றும் சொன்னாள். தூக்குவாளியை அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.